தேவாலயத்தைவிட மூத்த கல்லறைக் கல்

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் முன் இந்தப் புதிரை வைத்துப் பாருங்கள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. ஆனால் அதன் வளாகத் தரையில் பதிக்கப்பட்டுள்ள கல்லறைக் கற்களில் ஒன்று 1652-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோட்டை நிர்வாகத் தலைவராக இருந்த ஆரோன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் கல் அது. தேவாலயம் எழும்புவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கல்லறை எப்படி வந்தது?

"முன்பே வேறு கோயில் இருந்திருக்கும்", "ஆண்டைத் தப்பாகச் செதுக்கியிருப்பார்கள்", "கல்லை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்திருப்பார்கள்" என்று மாணவர்கள் பல விடைகள் சொல்லலாம். மூன்றாவதுதான் சரி.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர்நீதிமன்றம், பழைய சட்டக் கல்லூரி வளாகப் பகுதியில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் அந்தப் படைக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை 1759 பிப்ரவரியில் முடிந்தது. மீண்டும் அப்படி நேரக்கூடாது என்று ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் தேவாலய வளாகத்துக்குக் கொண்டுவந்து பரப்பினர். ஹைதர் அலியின் படையெடுப்பு அச்சத்தில் 1782-இல் அந்தக் கற்களில் பல, கோட்டை மதிலில் பீரங்கிகளை நிறுத்தும் மேடைக்காகப் பெயர்க்கப்பட்டன. அதில் சில சிதைந்தும் போயின. பழைய இடுகாட்டில் இன்றும் அதே இடத்தில் நிற்பது, ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், ஜோசப் ஹின்மர்ஸ் ஆகியோரின் நினைவுச்சின்னம்தான்.

ஐரோப்பாவிலும் இப்படி நடந்ததுண்டு. பாரிஸ் நகரின் நடுவே இருந்த 'இன்னொசென்ட்' இடுகாடு நிரம்பி வழிந்து சுகாதாரக் கேடானதால் 1780-இல் மூடப்பட்டது. 1786 முதல் எலும்புகள் நிலத்தடிக் கற்சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன. யாருடைய எலும்பு எது என்பது அத்தோடு மறைந்துவிட்டது.

இதில் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்லில் உள்ள எழுத்து ஒரு சான்று. கல் இருக்கும் இடம் இன்னொரு சான்று. இடம் மாறினால் இரண்டாவது சான்று அழிந்துவிடும். பேக்கர் கல்லின் இடமாற்றத்தை நாம் அறிவது, அந்த நிகழ்வுகள் அன்றே எழுதிவைக்கப்பட்டதால்தான்.

நம் பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும். செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகளுக்கும் சாலைகளுக்கும் நிலம் வேகமாக மாறிவருகிறது. இதே மண்ணில் எழுத்தில்லாத ஈமச்சின்னங்களும் உண்டு. பல்லாவரத்தில் கிடைத்த, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. பெயரும் ஆண்டும் இல்லாத கல்வட்டத்துக்கு அது இருக்கும் இடமே முதன்மைச் சான்று. பொக்லைன் ஒருமுறை புரட்டிவிட்டால் அது வெறும் பாறாங்கல்.

வகுப்பில் செய்யக்கூடியவை:

1. தொடக்க வகுப்பு மாணவர்கள் தம் ஊரிலுள்ள பழைய கோயில், தேவாலயம், தர்கா, நடுகல், இடுகாடு ஆகியவற்றின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுவரட்டும்.

2. உயர்நிலை மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரங்கள் எழுதட்டும்: எங்கே உள்ளது, அருகில் என்ன இருக்கிறது, எந்தப் பொருளால் ஆனது, எழுத்து உண்டா, ஊரார் என்ன சொல்கிறார்கள்.

3. ஊர் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, தேதியிட்டு, ஒளிப்படத்துடன் பள்ளியில் பாதுகாக்கலாம்.

இடுகாடு, வழிபாட்டிடம் எதுவாயினும் உரியவர்களின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவக்கூடாது. சாய்வான வெளிச்சம் விழும் காலை நேரத்தில் படம் எடுத்தாலே எழுத்து தெரியும். தாழியோ பானை ஓடோ தென்பட்டால் தோண்டாமல், எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தலைமையாசிரியர் வழியாக வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.