டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல: மருத்துவ சமூகப் பணி படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள்



ஒரு மே மாதத்து ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மகள் கையில் விண்ணப்பப் படிவத்தோடு என் எதிரே வந்து நின்றாள். பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். "ஆன்ட்டி, எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு அப்ளை பண்றேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தாங்க" என்றாள். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கான பக்கம் அது. ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே சேவை செய்ய வாஞ்சை உண்டு, அன்னை தெரசாவைப் போல வாழ ஆசை, இது தேவனுடைய அழைப்பு என்று நம்புகிறேன் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் திருப்பிக் கொடுத்து, "வேறே எழுதிக் கொண்டு வா கண்ணு" என்றேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

ஏன் திருப்பிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதன்பின் இப்படிப்புக்கான நேர்முகத் தேர்வுகளில் சில தடவை மேஜையின் மறுபக்கம் உட்காரும் வாய்ப்பும் கிடைத்தது. இதில் உங்களுக்கென்ன என்று கேட்கலாம். நீங்கள் ஏழை நோயாளர் நிதிக்கு அனுப்புகிற காணிக்கை நேரே நோயாளியின் கைக்குப் போவதில்லை. யாருடைய பில்லில் எவ்வளவு குறைக்கலாம், யாருக்கு ஊருக்குப் போக பஸ் காசு தரலாம், யாருக்குச் செயற்கைக் கால் வாங்கலாம் என்று வீட்டு நிலைமையை விசாரித்து எழுதிக் கொடுப்பவர் மருத்துவ சமூகப் பணியாளர். அந்த நாற்காலியில் நாளை யார் உட்காருவார் என்பது இந்த விண்ணப்பப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வேலையின் ஆரம்பமும் காசுக் கணக்குதான். 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையார் நியமிக்கப்பட்டார். இலவச சிகிச்சை கேட்டு வருவோரில் உண்மையிலே ஏழை யார் என்று விசாரித்துச் சொல்வதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. விசாரிக்கப் போன இடத்தில் மனுஷருடைய பாடுகள் தெரிய வந்தன. 1905-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். நோயாளி எங்கே வாழ்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாமல் எழுதும் மருந்துச் சீட்டால் பயனில்லை என்று கண்டு, அதற்கென்றே ஆள் வைத்தார். நம் நாட்டில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனெரி பம்பாய் நாக்பாடாவின் நெருக்கடியான தெருக்களில் ஊழியம் செய்து வந்தார். 1936-ல் டாட்டா அறக்கட்டளை சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கியபோது அவரே அதன் முதல் இயக்குநர் ஆனார். பத்து வருஷம் கழித்து, 1946-ல், பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் வேலைக்கு அமர்ந்தார்.

இன்று எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருஷப் படிப்பு. பெரும்பாலும் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். கணிதம் படித்தவளுக்கு இடம் கிடைக்காது என்று அந்த மகளுடைய அப்பா சொல்லி வந்தார், அது தவறு. நம் பக்கத்தில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, சென்னை லயோலா, பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆகிய கிறிஸ்தவ நிறுவனங்களில் இப்படிப்பு உண்டு. சற்றுத் தூரம் போகத் துணிந்தால் கேரளத்தில் களமசேரி ராஜகிரி, மங்களூரில் ரோஷினி நிலையா. எங்கே விண்ணப்பித்தாலும் மருத்துவ மற்றும் மனநல சமூகப் பணி என்ற சிறப்புப் பிரிவு அங்கே இருக்கிறதா, எந்தப் பருவத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதவளம் படித்துவிட்டுப் பிறகு வார்டுக்கு வர விரும்பிக் கஷ்டப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். பாதிப் படிப்பு வகுப்பில், பாதிப் படிப்பு வெளியே. வாரத்தில் இரண்டு நாளாவது ஆஸ்பத்திரி, சேரி, காப்பகம் என்று களப்பணிக்கு அனுப்புவார்கள்.

மனநலத் துறைக்குப் போக விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். முடித்தவரையே மனநல சமூகப் பணியாளர் என்று ஏற்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே 2022-ல் யு.ஜி.சி. நிறுத்தியது. இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. ஆகவே அண்ணன் அக்காமார் படித்த வழியை அப்படியே நம்பாமல், சேரும் வருஷத்து விதியை நேரில் கேட்டு அறிவது நல்லது.

இனி அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறேன்.

சேவை செய்ய ஆசை என்று எழுதாத விண்ணப்பமே கிடையாது. தேர்வு செய்கிறவர்கள் நாற்பது ஐம்பது தாள்களில் அதே வாக்கியத்தை வாசித்துக் களைத்திருப்பார்கள். ஆசை பொய் என்று அவர்கள் நினைப்பதில்லை. அந்தத் தாளில் எழுதியவள் மட்டுமே இருக்கிறாள், வேறொரு மனுஷர் இல்லை என்பதுதான் குறை. நான் அந்த மகளிடம், "உனக்குத் தெரிந்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுது" என்றேன். நாலு நாள் கழித்துத் தன் அப்பாயியைப் பற்றி எழுதிக் கொண்டு வந்தாள். சர்க்கரை நோயால் காலை எடுத்த அப்பாயி, இன்சுலினை வைக்க வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்பதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று பல மாதம் கழித்துத்தான் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். "அதுவரை எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை" என்று முடித்திருந்தாள். அதில் அழைப்பு என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. இதை அனுப்பு என்றேன்.

நேர்முகத் தேர்வில் நானே ஒருமுறை தோற்றவள். முதல் தடவை விண்ணப்பித்தபோது, "ஒரு நோயாளி ஆபரேஷன் வேண்டாம் என்கிறார், என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். "ஜெபம் பண்ணிப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பேன்" என்று பெருமையாகச் சொன்னேன். இடம் கிடைக்கவில்லை. விசுவாசத்தை அற்பமாக எண்ணிவிட்டார்கள் என்று வீட்டில் வந்து அழுதேன். கிறிஸ்தவக் கல்லூரியில் இப்படியா என்று அம்மாவும் வருத்தப்பட்டார்கள். ஏன் வேண்டாம் என்று அவரையே முதலில் கேட்பேன் என்ற பதில் எனக்குத் தோன்றவே இல்லை. பெதஸ்தா குளத்தண்டையில் முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடம் ஆண்டவர், சுகமாக விருப்பம் உண்டா என்று முதலில் கேட்டதை எத்தனை தரம் வாசித்திருந்தேனோ தெரியாது. அவன் பதிலும் கவனிக்கத்தக்கது. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்றான். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தேன்.

நம் சபைப் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுகிற கேள்வி ஒன்று உண்டு. வேறு மதத்து நோயாளியிடம் உன் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவாயா? பேசுவேன் என்றால் தள்ளுவார்கள், பேசமாட்டேன் என்றால் மறுதலிப்பு ஆகுமே என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் சொல்வது இது. பில்லைக் குறைக்கும் அதிகாரம் உங்கள் பேனாவில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தப் பேனாவைத்தான் பார்க்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் ஜெபிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவருக்குச் சுதந்தரம் ஏது? அவரே கேட்டால் ஜெபியுங்கள், ஆஸ்பத்திரிக் குருவானவரைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அவர் கேட்காதபோது சலுகைத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். காயப்பட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் எந்த ஊர், எந்த ஜாதி என்று விசாரித்ததாக இல்லை. எண்ணெய் வார்த்துக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், முன்பணம் கொடுத்தான், மீதியைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் ஒப்புக்கொண்டான். டிஸ்சார்ஜுக்குப் பின் பராமரிப்பு ஏற்பாடு என்று நாங்கள் படிவத்தில் நிரப்புவது அதைத்தான்.

இரகசியம் காப்பதைப் பற்றியும் கேட்பார்கள். எச்.ஐ.வி. நோயாளியின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. ஆனால் சோதனை சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. ஜெபக் குறிப்புக்காகத்தானே என்று சபை மூப்பர் ஒருவர் வார்டு வராந்தாவில் நிறுத்திக் கேட்கும்போதுதான் வருகிறது. தாங்குகிற நண்பர்களாகிய உங்களுக்காகவும் சில சமயம் வருகிறது, இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். காணிக்கை கொடுத்த நோயாளியின் படமும் சாட்சியும் வேண்டும் என்று அன்போடு எழுதுகிறீர்கள். அவர் வேண்டாம் என்றால் நாங்கள் அனுப்புவதில்லை. அதைக் கேட்டு வருத்தப்படுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் படத்தை அனுப்பமாட்டேன்.

போதகரின் சிபாரிசுக் கடிதம் தனி விஷயம். சிறுபான்மைக் கல்லூரிகளில் ஞானஸ்நானச் சான்றிதழோடு இதையும் கேட்பது வழக்கம். "இவர் எங்கள் சபையின் ஒழுங்கான அங்கத்தினர், நற்குணமுள்ளவர்" என்று நாற்பது வருஷமாக ஒரே அச்சில் வார்த்த கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அருமையான ஐயாமாரே, பிள்ளை என்ன செய்தது என்று எழுதுங்கள். கொரோனா காலத்தில் எந்த வீட்டுக்கு அரிசி கொண்டு போனாள், ஞாயிறு பள்ளியில் காது கேளாத பிள்ளையை யார் பக்கத்தில் உட்கார வைத்தாள். கோபக்காரி என்றால் அதையும் எழுதலாம், தவறில்லை. குறையே இல்லாதவர் என்று எழுதிய கடிதத்தை யாரும் நம்புவதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூரில் டாக்டர் படிப்புக்குச் சபைகளும் மிஷன்களும் பிள்ளைகளைச் சிபாரிசு செய்து அனுப்பி, படித்தபின் தங்கள் ஆஸ்பத்திரிகளில் சில வருஷம் ஊழியம் செய்யக் கேட்பதை நீங்கள் அறிவீர்கள். நர்சிங் படிப்புக்கும் பலர் தாங்குகிறீர்கள். சமூகப் பணிக்கு அப்படித் தாங்குகிறவர்கள் மிகக் குறைவு. டாக்டரையும் நர்ஸையும் போல இந்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கட்டணத்தைவிடக் களப்பணிச் செலவே ஏழைப் பிள்ளைகளை மடக்கிவிடுகிறது. வாரந்தோறும் பஸ் காசு, கிராம முகாம், ஆய்வறிக்கை அச்சடிப்பு, விடுதி. ஒரு சபை ஒரு பிள்ளையின் இரண்டு வருஷக் களப்பணிச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டாலும் பெரிய உதவி. ஆனால் தாங்குகிற சபை, படிப்பு முடிந்தபின் எத்தனை வருஷம், எந்த ஆஸ்பத்திரியில், என்ன சம்பளத்தில் என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஊழியம்தானே என்று சொல்லிப் பாதிச் சம்பளத்துக்கு உட்கார வைத்த இடங்களில் இரண்டாம் வருஷமே பிள்ளைகள் போய்விட்டார்கள்.

சான்றிதழ்களை முன்னதாகவே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வருகிறார்கள், பெற்றோரின் பழைய சான்றிதழில் வேறு விதமாக இருந்தால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வருஷ மதிப்பெண் பட்டியல் வராதவர்கள் அதுவரை உள்ள பட்டியலோடு விண்ணப்பிக்க முடியுமா என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்கலாம்.

அந்த மகளுக்கு இடம் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் அரிசிப் பானையைப் பற்றியே பத்து நிமிஷம் கேட்டார்களாம். இப்போது புதன், வியாழன் களப்பணிக்குச் சிறுநீரக வார்டுக்குப் போகிறாள். போன வாரம் போன் பண்ணி, "ஆன்ட்டி, ஒரு தாத்தா ரெண்டு வாரமா என்கிட்ட ஒண்ணுமே பேச மாட்டேங்கறாரு, என்ன பண்றது?" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார் என்று சொல்லியிருக்கிறேன்.