புயல் மூடும் சாலையும் உத்தரவு மூடும் சாலையும்

ஐதராபாத்துக்குக் கடல் இல்லை. ஆகவே, புயல் என்பது கரையோரத்தாரின் கவலை என்றும், நமக்கு அது செய்தியறிக்கையின் ஒரு பகுதி மட்டுமே என்றும் இந்நகரில் வாழும் தமிழர் பலர் எண்ணி வந்திருக்கிறோம். சிக்கந்தராபாத்திலும் மேட்டுகுடாவிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களிலுங்கூட இவ்வெண்ணம் உண்டு. ஊரிலிருந்து தொலைபேசி வந்து, அன்றிரவே மோட்டாரிலோ பஸ்ஸிலோ புறப்பட்டாக வேண்டும் என்ற நிலை ஏற்படும்போதுதான், நமக்கும் சென்னைக்கும் இடையே எத்தனை ஆறுகள், எத்தனை எல்லைகள் என்பது நினைவுக்கு வருகிறது.

அந்த வழியைச் சற்றுக் கவனிப்போம். 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்மைச் சூர்யாபேட்டை, கோதாடு வழியாக விஜயவாடாவுக்குக் கொண்டு சேர்க்கிறது. இது சுமார் 275 கிலோமீட்டர். அங்கிருந்து 16ஆம் எண் நெடுஞ்சாலை குண்டூர், ஓங்கோல், நெல்லூர், சூளூர்ப்பேட்டை, தடா வழியாகச் சென்னைக்குச் செல்கிறது. இந்த இரண்டாம் பகுதி ஓங்கோலுக்குப் பின் பெரும்பாலும் கடலுக்கு இணையாகவே ஓடுகிறது. மேற்கே மலைத்தொடர்களிலிருந்து இறங்கிக் கடலை நாடும் ஒவ்வோர் ஆற்றையும் அது குறுக்கே கடந்தாக வேண்டும். குண்டலகம்மா, பெண்ணை, சொர்ணமுகி, காளங்கி என்று அவற்றின் வரிசை நீளும்.

இங்குதான் பலரும் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள். புயல் எந்த ஊரில் கரை கடக்கிறது என்று கேட்டுவிட்டு, அது நம் வழியில் இல்லையென்றால் கவலை இல்லை என்று புறப்பட்டுவிடுகிறார்கள். 2024 செப்டம்பர் 1ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். அன்று அதிகாலையில் கரை கடந்தது புயலுங்கூட அன்று. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே. அது கரை கடந்த இடமோ ஆந்திரத்தின் வடகோடியில் உள்ள கலிங்கப்பட்டினம். விஜயவாடாச் சாலைக்கும் அதற்கும் நெடுந்தூரம். ஆயினும் அந்த மண்டலம் உள்நாட்டில் கொட்டிய மழை முன்னேரு ஆற்றில் திரண்டு வந்து, நந்திகாமத்தை அடுத்த ஐதவரத்தில் நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. போக்குவரத்து நின்றது. அதே ஐதவரத்தில் 2023 ஜூலை இறுதியிலும் அவ்வாறே சாலை மூழ்கி, ஏறக்குறைய ஒரு நாள் வண்டிகள் வரிசையாக நின்றன. வாரங்கல் பக்கம் தோன்றிக் கம்மம் வழியாக வந்து கிருஷ்ணையில் கலக்கும் ஆறு இது. நம் செவிக்கு அதன் பெயர் ‘முன்னே செல்’ என்று கட்டளையிடுவதுபோல ஒலிக்கிறது. அது செய்வதோ நம்மை நிறுத்துவது!

காற்று கரையில் அடிக்கிறது. சாலை உள்நாட்டில் அறுபடுகிறது. கரை கடந்த மண்டலம் வலுவிழந்தாலும் அதன் மேகங்கள் மழையை விடுவதில்லை. அம்மழை ஓடைகளில் கூடி, ஆற்றில் இறங்கி, சாலையை எட்டுவதற்குப் பல மணி நேரம் ஆகும். சில வேளை ஒரு நாளும் ஆகும். எனவே ‘புயல் கடந்துவிட்டது’ என்ற அறிவிப்பு சாலைக்குப் பொருந்துவதன்று. 2021 நவம்பர் 19ஆம் நாள் அதிகாலையில் ஒரு தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது. அன்று கடப்பைப் பகுதியில் சேயாற்றின் மேலிருந்த அன்னமய்யா அணை உடைந்தது. பெண்ணையின் வெள்ளம் நெல்லூரை அடுத்த கோவூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை அரித்து, இரயில் பாதையையும் குலைத்தது. கரை கடந்ததற்கு அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் நடந்தவை இவை. வானம் வெளுத்துவிட்டது என்று புறப்பட்டவர்களே அங்கு அகப்பட்டுக்கொண்டார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஐதராபாத் வானொலியிலும் நாளேடுகளிலும் வரும் தெலுங்குச் சொற்களை நம்மவர் பலர் காதில் வாங்குவதில்லை. ‘அல்பபீடனம்’ என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. ‘வாயுகுண்டம்’ என்றால் தாழ்வு மண்டலம்; காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர். ‘தீவிர வாயுகுண்டம்’ ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 50 முதல் 61 வரை. 62ஐத் தொட்டால்தான் அது ‘துபானு’, அதாவது புயல். துபானு என்ற சொல் வரவில்லையே என்று நிம்மதி கொள்வது தவறு. மேலே கூறிய இரு நிகழ்ச்சிகளும் வாயுகுண்டத்தால் விளைந்தவையே. ‘வாகு’ என்பது ஓடை. ‘வாகு பொங்கிந்தி’ என்று எவராவது சொன்னால், அவ்வழியே போகக் கூடாது என்று பொருள் கொள்ளுங்கள்.

இனி, மற்றொரு வகை அடைப்பு. 2020 மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்து, நள்ளிரவு முதல் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஆற்றில் வெள்ளமில்லை, பாலத்தில் பழுதில்லை. ஆயினும் சாலை மூடப்பட்டது. அடுத்த நாள் ஐதராபாத்தின் விடுதிகளிலிருந்து வெளியேற நேர்ந்த ஆந்திர இளைஞர்கள், இந்நகரக் காவல் நிலையங்களில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். கோதாட்டைக் கடந்து கரிகபாடு சோதனைச் சாவடியை அடைந்தபோது அந்தச் சீட்டு செல்லவில்லை. ஒரு மாநிலம் கொடுத்த சீட்டை மற்றொரு மாநிலம் ஏற்கக் கடமைப்பட்டதன்று என்பது அன்று நடுச்சாலையில் தெரியவந்தது. பதினான்கு நாள் தனிமைக்கு உடன்படுவோர்க்கே வழி என்று கூறப்பட்டது.

தமிழர்க்கு இதில் இன்னும் ஒரு சிக்கல். 2014 ஜூன் 2ஆம் நாளுக்கு முன்பு, ஐதராபாத்திலிருந்து தடா வரை ஒரே மாநிலம். நாம் கடக்க வேண்டிய எல்லை ஒன்றே. தெலங்கானா பிறந்த பின் அது இரண்டாயிற்று. ஆறாண்டு காலம் அந்த இரண்டாம் எல்லையை நாம் உணர்ந்ததே இல்லை. ஒரு பெயர்ப்பலகையைத் தவிர அங்கு வேறொன்றும் கண்ணில் பட்டதில்லை. நோய்க்காலத்தில்தான் அது எல்லையாக நின்றது. கரிகபாட்டில் ஒன்று, எளாவூரில் ஒன்று என இரு சாவடிகளுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2020 ஜூன் மாதத்தில் என் சிற்றப்பா ஊரில் காலமானார். இறப்பு, திருமணம், மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு இ-பாஸ் உண்டு என்று அறிந்து உடனே விண்ணப்பித்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் எளியது: அவருடைய முன்னெழுத்து என் பாட்டனாருடையது, என்னுடையது என் தந்தையாருடையது. தாளின்மேல் நாங்கள் இருவரும் உறவினரே அல்லர்! நாள்தோறும் அரசாங்க ஆவணங்களோடு பழகும் நான் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தந்தையாரின் பழைய சான்றிதழ் ஒன்றைத் தேடியெடுத்து மறுபடியும் விண்ணப்பித்தேன். மறுநாள் அனுமதி கிடைத்தது. அதற்குள் தகனம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஊர் சேர்ந்து, பதினான்கு நாள் தனிமைக்காகப் பின்கட்டு அறையில் இருந்தேன். சிற்றன்னையின் அழுகை சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் கூடத்துக்கு வந்து அவர்கள் எதிரில் நின்றேன்.

வெள்ளத்தால் வரும் தடையும் உத்தரவால் வரும் தடையும் வேறு வேறாகத் தோன்றினும், சட்டத்தின் கண்ணுக்கு அவை உறவுடையவை. ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டான 2005இல் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கொண்டே 2020இல் நாடு முடக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வண்டிகள் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்த, அச்சட்டத்தின் 34ஆம் பிரிவு மாவட்ட அதிகார அமைப்புக்கு அதிகாரம் தருகிறது. அவ்வமைப்பின் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே, புயற்காலத்தில் ‘நெடுஞ்சாலை திறந்திருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. எந்த மாவட்டத்தில், எத்தனை மணி வரை என்று கேட்க வேண்டும்.

இரண்டும் ஒன்றாக வந்த நாட்களும் உண்டு. நோய்க் கட்டுப்பாடுகள் முற்றும் நீங்காதிருந்த 2020 நவம்பரில் ‘நிவர்’ வந்தது. 24ஆம் நாள் பிற்பகல் ஒரு மணி முதல், செங்கற்பட்டு, விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய ஏழு மாவட்டங்களில் பஸ் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புயலோ 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டித்தான் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒன்றரை நாள் முன்னதாகவே சாலைகள் வெறுமையாயின. ஊரடங்குப் பழக்கம் மக்களிடையே பதிந்திருந்ததனால் அந்த உத்தரவுக்குப் பணிவது எளிதாயிற்று என்பது என் கருத்து. 2025 அக்டோபர் 28ஆம் நாள் ‘மோந்தா’ வந்தபோது, ஆந்திர அரசு கிருஷ்ணா, ஏலூரு, கோதாவரிக் கரை மாவட்டங்கள் உள்ளிட்ட பகுதிகளில் இரவு எட்டரை முதல் காலை ஆறு மணி வரை, நெடுஞ்சாலை உட்பட எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்தியது. மருத்துவ அவசரத்துக்கே விலக்கு. நோய்க்காலத்தில் நாம் கண்ட முறையே புயலுக்கும் வந்துவிட்டது எனலாம்.

புறப்படுவோர் கவனிக்க வேண்டியவை சிலவே. சாலையில் ஓடும் நீரின் ஆழம் ஓரடியானால் சிறிய கார் நிலைகொள்ளாது; இரண்டடி நீர் பெரிய வண்டியையும் இழுத்துச் செல்லும். தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் உள்ள வேறுபாடு இரவில் தெரியாது. நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி முடுக்கக் கூடாது. நீர் உள்ளே புகுந்திருந்தால் எஞ்சின் உடைந்துபோகும். உறவைக் காட்டும் தாள் ஒன்று, முன்னெழுத்து விளக்கத்தோடு, எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

முடிவு செய்ய வேண்டிய இடம் நார்க்கட்பள்ளி. ஐதராபாத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள அவ்வூரில் சாலை பிரிகிறது. இடப்புறம் விஜயவாடா; வலப்புறம் மிரியாலகூடா, பிடுகுராள்ளா வழியாக அத்தங்கி சென்று ஓங்கோலுக்கு முன்பே 16ஆம் எண் சாலையை அடையலாம். முன்னேரு அவ்வழியில் குறுக்கிடாது. 2024இல் போலீஸார் வண்டிகளைத் திருப்பிவிட்டதும் மிரியாலகூடா வழியாகத்தான். நெல்லூர்ப் பக்கமே வெள்ளம் என்றால் இவ்விரு வழியும் உதவா; ஐதராபாத்திலேயே தெற்கே திரும்பிக் கர்நூல், நந்தியால், கடப்பை, சித்தூர் வழியாக இராணிப்பேட்டைக்குச் செல்லலாம், கடப்பையிலும் மழை இல்லாதிருந்தால். நார்க்கட்பள்ளியில் வண்டியை நிறுத்தி ஒரு தேநீர் அருந்துங்கள். விஜயவாடாப் பக்கமிருந்து வரும் லாரி ஓட்டுநர் ஒருவரைக் கேளுங்கள். ஐதவரத்தை அவர் எத்தனை மணிக்குக் கடந்தார் என்பதையும் கேளுங்கள்.