கூட்ஸ் ரெயில் போன பிறகும் கேட் திறக்காதது ஏன்? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வரப்போகும் ‘சைடிங்’ பாதை: தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்கள்

செம்பரம்பாக்கம்:-

“அதான் கூட்ஸ் போயிருச்சே, இன்னும் ஏன் கேட்டை திறக்க மாட்டேங்கிறாங்க?”

ரெயில்வே கேட்டில் காத்து நிற்கும் வாகன ஓட்டிகளின் வாயில் தினமும் வரும் வார்த்தை இது. ஒரு பக்கம் கம்பெனி பஸ், இன்னொரு பக்கம் ஸ்கூல் வேன். பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிக்கிறார். எல்லாருடைய கோபமும் கேட் கீப்பர் மீதுதான்.

ஆனால் கேட்டை திறப்பதும் மூடுவதும் கேட் கீப்பரின் இஷ்டம் இல்லை. மெயின் லைனும், கம்பெனிக்கு பிரிந்து போகும் தனியார் ‘சைடிங்’ பாதையும் ஒரே கேட்டை பயன்படுத்தும் இடத்தில் விவகாரம் இன்னும் சிக்கலானது. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி மக்கள் இதை இப்போதே தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

இங்கேதான் ரெயிலே இல்லையே?

உண்மைதான். செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாக ரெயில் பாதை கிடையாது. இந்த வட்டாரத்தில் தயாராகும் கார்களில் ஒரு பகுதி, செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் உள்ள வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு கொண்டு போகப்பட்டு அங்கே ரெயிலில் ஏற்றப்படுகிறது. ஆவடியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக கூடுவாஞ்சேரிக்கு சுமார் 60 கி.மீ. தூர பாதை போடுவது பற்றி பல ஆண்டுகளாக பேசப்பட்டு வருகிறது.

அதே நேரத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் பிரமாண்ட சரக்கு பூங்காவுக்கு 2022-ம் ஆண்டு மே 26-ந்தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். சென்னை - அரக்கோணம் மெயின் லைனில் உள்ள கடம்பத்தூரில் இருந்து இந்த பூங்காவுக்கு சுமார் 10 கி.மீ. தூரத்துக்கு கிளைப்பாதை போடுவதும் இந்த திட்டத்தில் அடக்கம்.

வட மாநிலங்களில் இது ஏற்கனவே நடக்கிறது. மாருதி நிறுவனத்தின் குஜராத் தொழிற்சாலைக்கு உள்ளேயே 2024-ம் ஆண்டு மார்ச்சில் சைடிங் திறக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு ஜூனில் அரியானா மாநிலம் மானேசர் தொழிற்சாலையிலும் திறந்தார்கள். லாரி போக்குவரத்து குறையும், டீசல் மிச்சம், ரோட்டில் நெரிசல் குறையும் என்பது இதன் லாபம். இதில் கவனிக்க வேண்டிய இடம், ரெயில்வே கேட்.

3 நிமிடம், 5 நிமிடம் ஆவது எப்படி?

முழு கூட்ஸ் ரெயில் ஒன்றின் நீளம் சுமார் 700 மீட்டர். மெயின் லைனில் மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் போனால் அது கேட்டை கடக்க 35 வினாடி போதும். அதே ரெயில் சைடிங்குக்குள் திரும்பும்போது கதையே வேறு. ஷண்டிங் வேகம் அதிகபட்சம் மணிக்கு 15 கி.மீ.தான். அப்போது கேட்டை கடக்க கிட்டத்தட்ட 3 நிமிடம். ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தால் 5 நிமிடத்துக்கும் மேல். என்ஜினை கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும் என்றால், முன்னும் பின்னும் போய் வர, கேட் மூடியே கிடக்கும்.

வட சென்னையில் கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

கூட்ஸ் முழுசாக சைடிங்குக்குள் போன பிறகும் கேட் உடனே திறக்காமல் போகலாம். காரணம் இதுதான். கூட்ஸ் ரெயிலுக்காக மெயின் லைனில் வேறு ரெயில்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். கூட்ஸ் ஒதுங்கி, பாயிண்ட் பழையபடி மெயின் லைனுக்கு திரும்பியதும், காத்திருந்த எக்ஸ்பிரசுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கொடுத்து விடுவார். நம் கண் முன்னால் இருப்பது காலி தண்டவாளம். ஆனால் அதே தண்டவாளத்தில் சில நிமிடத்தில் வேகமாக வருவது இன்னொரு ரெயில்.

பூட்டும் சாவியும்

சைடிங் பாதை மெயின் லைனில் சேரும் இடத்தில் உள்ள பாயிண்டை, ஸ்டேஷன் மாஸ்டர் அனுமதி இல்லாமல் அசைக்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். கம்பெனிக்குள் நிற்கும் வேகன் தப்பித்தவறி உருண்டு வந்தாலும் மெயின் லைனுக்குள் புகாமல், தனியாக தடம் இறக்கி விட ‘டிராப் பாயிண்ட்’ என்ற ஏற்பாடும் உண்டு.

கேட்டுக்கும் இதே மாதிரி பூட்டு இருக்கிறது. அதுதான் ‘இன்டர்லாக்கிங்’. கேட் மூடி பூட்டப்பட்டால்தான் ரெயிலுக்கு சிக்னல் விழும். சிக்னல் விழுந்து விட்டால், ரெயில் கடந்து சிக்னல் மறுபடி சிவப்புக்கு வரும் வரை கேட்டை திறக்க முடியாது. கேட் கீப்பரிடம் கெஞ்சினாலும் மிரட்டினாலும் பலன் இல்லை.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் எல்லாம் போன் பேச்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் ‘கேட்டை மூடு’ என்பார். கேட் கீப்பர் மூடி விட்டு ஒரு ரகசிய எண்ணை சொல்வார். அதை எழுதி வைத்துக் கொண்டு ரெயிலை அனுப்புவார்கள். இங்கே பாதுகாப்பு, ஒரு மனிதரின் வார்த்தையில் தொங்குகிறது.

செம்மங்குப்பம் சொன்ன பாடம்

அந்த வார்த்தை தவறினால் என்ன ஆகும் என்பதை கடலூர் அருகே செம்மங்குப்பம் காட்டி விட்டது. 2025-ம் ஆண்டு ஜூலை 8-ந்தேதி காலை, அங்குள்ள 170-ம் எண் கேட்டை கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரெயில் மோதியது. 3 மாணவ-மாணவிகள் உயிரிழந்தனர். வேன் டிரைவர் கேட்டதால் கேட் திறக்கப்பட்டதாக ரெயில்வே முதலில் கூறியது. கேட் மூடப்படவே இல்லை என்று டிரைவர் மறுத்தார். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் பிறகு கேட்களில் கண்காணிப்பு கேமரா பொருத்தவும், போன் உரையாடல் பதிவை சரிபார்க்கவும் ரெயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. இன்டர்லாக்கிங் கட்டாயம் என்ற வரம்பும் 20 ஆயிரத்தில் இருந்து 10 ஆயிரமாக குறைக்கப்பட்டது.

அது என்ன 10 ஆயிரம்?

கேட்டை ஒரு நாளில் கடக்கும் ரெயில்களின் எண்ணிக்கையை, வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 20 ரெயில், 450 வாகனம் என்றால் 9 ஆயிரம். புதிய சைடிங் வந்து தினமும் 4 ரெயில் கூடினால், 24 பெருக்கல் 450, அதாவது 10 ஆயிரத்து 800. வாகனம் ஒன்று கூட கூடாமலே வரம்பை தாண்டி விடுகிறது. இந்த எண்ணிக்கை 1 லட்சத்தை தொட்டால் மேம்பாலம் அல்லது சுரங்கப்பாதைக்கான தகுதி கிடைக்கும்.

புதிய பாதைகளில் கேட்டே இல்லாமல் மேம்பாலமோ, சுரங்கப்பாதையோ அமைக்க வேண்டும் என்பதுதான் ரெயில்வேயின் நிலைப்பாடு. எனவே சுமை ஏறப்போவது, மெயின் லைனில் ஏற்கனவே இருக்கும் பழைய கேட்கள் மீதுதான். சைடிங் கட்டும் செலவு பொதுவாக கம்பெனியுடையது. மெயின் லைன் கேட்டும் சிக்னலும் ரெயில்வே கையில். இந்த இரண்டுக்கும் நடுவில் ஊர் மக்கள் மாட்டிக் கொள்ளக் கூடாது.

அதனால் சைடிங் வரும் ஊர்களில் கிராமசபையில் மக்கள் 3 கேள்வி கேட்கலாம். பக்கத்து கேட்டில் வாகன கணக்கெடுப்பு புதிதாக எடுக்கப்படுமா? இன்டர்லாக்கிங் உண்டா? ஸ்கூல் நேரத்திலும், ஷிப்ட் மாறும் நேரத்திலும் ஷண்டிங்கை தவிர்க்க முடியுமா? பாதை போடும் முன்பு கேட்டால்தான் பலன் கிடைக்கும்.

வாகன ஓட்டிகள் கவனத்துக்கு

மூடிய கேட்டை அனுமதி இல்லாமல் திறந்தால், ரெயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். கேட்டை உடைத்தால் 5 ஆண்டு வரை. கம்பிக்கு கீழே பைக்கை சாய்த்து நுழைவதும் ஆபத்தை விலைக்கு வாங்குவதுதான்.

வண்டி தண்டவாளத்தில் நின்று விட்டால், முதலில் எல்லாரும் இறங்கி தூரமாக போக வேண்டும். வண்டியை காப்பாற்ற நினைக்க கூடாது. உடனே கேட் கீப்பரிடம் சொல்ல வேண்டும். அவரிடம் சிவப்பு கொடியும், தண்டவாளத்தில் வைத்தால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டரும் இருக்கும். வேகமாக வரும் ரெயில், பிரேக் போட்ட பிறகும் நிற்க சுமார் 1 கி.மீ. தூரம் ஆகலாம். அதனால் ஒவ்வொரு வினாடியும் முக்கியம்.

கேட் திறந்தே இருந்தாலும் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்து விட்டு போங்கள். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வேன் டிரைவர்கள் இதை மறக்கவே கூடாது.