வெல்லும் குதிரையும் அதன் விலையும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரிலுள்ள சர்ச்சில் டவுன்ஸ் திடலில், வழக்கமாக மே மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று நடைபெறும் கென்டக்கி டெர்பி, 1875ஆம் ஆண்டு முதல் ஓர் ஆண்டுகூட விடுபடாமல் ஓடப்பட்டுவரும் பந்தயமாகும். இருபது குதிரைகள் வரை களமிறங்கும் அந்த ஓட்டம் ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. எந்தக் குதிரைமீது பணம் கட்டுவது என்ற ஆராய்ச்சியோ பல மாதங்களுக்கு முன்பே தொடங்கி, புறப்பாட்டுக் கதவுகள் திறக்கும் நொடிவரை நீடிக்கிறது. நேரம், தூரம், மரபு, உடல்நலம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்ட அந்த ஆராய்ச்சி இரண்டு தனித்தனி வினாக்களைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. ஒரு குதிரை வெல்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது முதல் வினா. அந்த வாய்ப்புக்குப் பந்தயக்களம் தரும் விலை போதுமானதா என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு ஓரளவு சரியான விடை கண்டவர்களும் இரண்டாவதைக் கேட்கத் தவறுவதால் பணத்தை இழக்கிறார்கள் என்பதே இத்துறையின் தலையாய பாடம்.

ஓடாத தூரம்

டெர்பியில் தரோபிரெட் எனப்படும் பந்தய இனக் குதிரைகள், அவற்றிலும் மூன்று வயதுடையவை மட்டுமே ஓட முடியும். வடகோளத்தில் இவ்வினக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் நாளே வயது கூடும் நாளாகக் கொள்ளப்படுவதால், பிப்ரவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் ஒரே வயதினவாகவே கணக்கில் வருகின்றன. வளரும் பருவத்தில் அந்தச் சில மாத இடைவெளி எலும்பின் உறுதியிலும் தசையின் திரட்சியிலும் தெரியும். ஆண் குதிரைகள் 126 பவுண்டும், அதாவது சுமார் 57 கிலோவும், பெண் குதிரைகள் 121 பவுண்டும் சுமக்கின்றன. ஓடவேண்டிய தூரம் 1896 முதல் பத்து பர்லாங், அதாவது ஏறத்தாழ 2,012 மீட்டர். டெர்பியில் ஓடும் தகுதியைப் பெறுவதற்கு 2013ஆம் ஆண்டுப் பந்தயத்திலிருந்து புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. புளோரிடா டெர்பி, சாண்டா அனிட்டா டெர்பி, புளூ கிராஸ், வுட் மெமோரியல் போன்ற முன்னோட்டப் பந்தயங்களில் முதல் இடங்களைப் பிடிக்கும் குதிரைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டு, அவற்றின் வரிசைப்படி இடம் ஒதுக்கப்படுகிறது.

இம்முன்னோட்டங்களுள் பெரும்பாலானவை ஒன்பது பர்லாங் தூரமே உடையவை. ஆகவே டெர்பியில் நிற்கும் குதிரைகளுள் மிகப் பெரும்பாலானவை பத்தாவது பர்லாங்கை அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. இருபது குதிரைகளின் நெரிசலில் ஓடிய பழக்கமும் அவற்றுக்குக் கிடையாது. மதிப்பிடுபவர் கையிலிருக்கும் சான்றுகள் எல்லாம் வேறொரு சூழலில் திரட்டப்பட்டவை என்பதால், அவற்றிலிருந்து டெர்பியைப் பற்றி எவ்வளவு ஊகிக்கலாம் என்பதிலேயே திறமை வெளிப்படுகிறது.

நேரமும் அதன் திருத்தமும்

அமெரிக்காவில் 1894 முதல் வெளிவரும் டெய்லி ரேசிங் ஃபார்ம் என்ற இதழ், ஒவ்வொரு குதிரையும் முன்பு ஓடிய ஒவ்வோர் ஓட்டத்தையும் ஒரே வரியில் சுருக்கித் தருகிறது. எந்தத் திடல், என்ன தூரம், தரை உலர்ந்திருந்ததா சேறாக இருந்ததா, ஒவ்வொரு கட்டத்திலும் முன்னணிக் குதிரையின் நேரம் என்ன, இக்குதிரை எத்தனை உடல்நீளம் பின்தங்கியிருந்தது, ஜாக்கி யார் என்பன அனைத்தும் அந்த ஒற்றை வரியில் அடங்கும். உடல்நீளம் என்பது ஒரு குதிரையின் மூக்கிலிருந்து வால்வரையுள்ள அளவு. ஓட்டத்தில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குச் சமம்.

எனினும் ஓடி முடித்த நேரத்தை அப்படியே ஒப்பிடுவது பிழையாகும். ஒரு திடலின் மண் இறுகியும் மற்றொன்றின் மண் ஆழமாகவும் இருக்கலாம். ஒரே திடலில்கூட நேற்றைய தரை இன்றைய தரை அன்று. அன்றைய தினம் அத்திடலில் ஓடிய எல்லாக் குதிரைகளின் நேரங்களையும் அவற்றின் வழக்கமான தரத்தோடு ஒப்பிட்டு, தரை எந்த அளவுக்கு வேகத்தைக் கூட்டியது அல்லது குறைத்தது என்று கணித்து, அதற்கேற்ப நேரத்தைத் திருத்தி ஓர் எண்ணாக மாற்றும் முறையைப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பையர் 1975இல் வெளியான தம் நூலின் வழியாகப் பரவலாக்கினார். வேக எண் எனப்படும் இது, வெவ்வேறு திடல்களில் வெவ்வேறு தூரங்களை ஓடிய குதிரைகளை ஒரே அளவுகோலால் அளக்க உதவுகிறது. அவ்வாறு அளக்கும்போதும் ஓர் ஒற்றைப் பெரிய எண்ணைவிட, இரண்டு வயதிலிருந்து படிப்படியாக உயர்ந்துவரும் எண்களின் வரிசையே கூடுதல் நம்பிக்கை தரும். வளரும் குதிரை இன்னும் தன் உச்சத்தை எட்டவில்லை என்பதற்கு அது அறிகுறி.

வேகத்தைப் பங்கிடும் விதம்

மொத்த நேரத்தைவிட நுட்பமானது, அந்த நேரம் ஓட்டத்தின் கட்டங்களில் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது. 1973இல் செக்ரட்டேரியட் 1 நிமிடம் 59.4 நொடியில் டெர்பியை வென்றபோது, ஐந்து கால்மைல் கட்டங்களையும் முறையே 25.2, 24, 23.8, 23.4, 23 நொடிகளில் கடந்தது. ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட வேகமானதாக அமைந்த அந்த ஓட்டம், பின்கட்டத்தில் களைப்பதே குதிரைகளின் இயல்பு என்பதால் இன்றளவும் வியந்து பேசப்படுகிறது.

குதிரைகளை அவற்றின் ஓட்டப்பாங்கின்படி மூவகையாகப் பிரிக்கலாம்: தொடக்கத்திலேயே முன்னணியைப் பிடிப்பவை, முன்னணியை ஒட்டிப் பின்தொடர்பவை, கடைசியில் கிடந்து இறுதிக் கட்டத்தில் பாய்பவை. முன்னணியை விரும்பும் குதிரை ஒன்றே ஒன்று இருந்தால் அது நிதானமாக ஓடி வலிமையைச் சேமிக்கும். மூன்று நான்கு இருந்தால் அவை ஒன்றையொன்று விரட்டிச் சோர்ந்து, பின்னால் வருபவற்றுக்கு வழிவிடும். ஆகவே ஒரு குதிரையின் வாய்ப்பை அதன் எதிராளிகளைக் கணக்கில் கொள்ளாமல் அறிய முடியாது.

2022ஆம் ஆண்டு டெர்பி இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு முதல் கால்மைல் 21.78 நொடியில் கடக்கப்பட்டது; டெர்பி வரலாற்றில் அதைவிட வேகமான தொடக்கம் அதுவரை நிகழ்ந்ததில்லை. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தவை பின்னர் துவண்டன. நடுவரிசையில் பொறுமையாக வந்த எபிசென்டர் என்ற ஃபேவரிட், அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை, இறுதி நேர்ப்பாதையில் முன்னணிக்கு வந்தபோது வெற்றி உறுதி என்றே தோன்றியது. ஆனால் பின்வரிசையிலிருந்து உள்வேலியை ஒட்டி நழுவி வந்த ரிச் ஸ்டிரைக், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னர் அதை முந்திச் சென்றது. மாற்றுப் பட்டியலில் இருந்த அக்குதிரைக்கு, மற்றொன்று விலகியதால் முந்தைய நாள்தான் இடம் கிடைத்திருந்தது. அதன் விலை ஒன்றுக்கு எண்பது, இரண்டு டாலர் கட்டியவருக்குக் கிடைத்தது 163.60 டாலர். தொடக்க வேகம் கடுமையாக இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தவர்கள் இருந்திருக்கலாம். அக்கணிப்பு பின்னால் வரும் குதிரைகளின் பக்கம் கவனத்தைத் திருப்பியிருக்குமே அல்லாமல், அவற்றுள் இன்னது என்று சுட்டிக்காட்டியிருக்காது. மதிப்பீட்டின் பயனும் எல்லையும் இந்த ஓர் ஓட்டத்திலேயே விளங்கும்.

விதிகள் எனப்படுபவை

டெர்பியைச் சுற்றி எழுந்துள்ள விதிகள் பல. இரண்டு வயதில் ஓடாத குதிரை டெர்பியை வெல்லாது என்ற நம்பிக்கை, 1882இல் அப்போலோ அவ்வாறு வென்ற பின் 136 ஆண்டுகள் பொய்க்காமல் இருந்து, 2018இல் ஜஸ்டிஃபை வென்றபோது முடிவுக்கு வந்தது. மூதாதைக் குதிரைகள் வேகத்தையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் எந்த விகிதத்தில் கடத்தின என்று கணக்கிடும் டோசேஜ் எண் 4க்கு மேற்பட்ட குதிரைகள் வெல்ல இயலா என்ற விதி, 1991இல் ஸ்டிரைக் தி கோல்டு வென்றதும் தளர்ந்தது. வெளிக்கோடியிலுள்ள இருபதாம் கதவிலிருந்து புறப்படுவது பெரும் இடர் என்று கருதப்பட்டாலும், 2008இல் பிக் பிரவுன் அங்கிருந்தே வென்றது.

இவற்றிலிருந்து பெறவேண்டிய முடிவு, மரபும் அனுபவமும் கதவெண்ணும் பொருளற்றவை என்பதன்று. நீண்ட தூரத்துக்கேற்ற மரபும், நெரிசலில் ஓடிப் பெற்ற அனுபவமும் உண்மையில் உதவுகின்றன. முதல் கதவிலிருந்து புறப்படும் குதிரை வேலியோரம் நெருக்கப்படும் ஆபத்தும் உண்மையே. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடைபெறும் பந்தயத்தில், நூறாண்டுச் செய்தியும் நூறு ஓட்டங்களின் செய்திதான். 1980 முதல் 1999 வரை நடந்த இருபது டெர்பிகளில் ஒன்றில்கூட ஃபேவரிட் வெல்லவில்லை. 2013 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஃபேவரிட்டே வென்றது. இவ்விரு தொடர்களில் ஒன்றை மட்டும் கண்டவர் முற்றிலும் மாறான இரண்டு விதிகளை வகுத்திருப்பார்.

எந்த எண்ணிலும் அடங்காதது குதிரையின் உடல்நிலை. 2023இல் வெற்றிக்குரியதாகப் பலரும் எதிர்பார்த்த ஃபோர்ட்டே, பந்தய நாள் காலையில் குளம்புக் காயம் காரணமாகக் கால்நடை மருத்துவ அலுவலர்களால் நீக்கப்பட்டது. ஓடுவது உயிருள்ள விலங்கு என்பதால், பந்தயம் கட்டுபவரின் ஏமாற்றத்தைவிட அதன் கால் பெரிது. அந்த முடிவே முறையானது.

விலை எப்படிப் பிறக்கிறது

சர்ச்சில் டவுன்ஸில் 1908 முதல் வேரூன்றிய பாரிமியூச்சுவல் முறையில், பந்தயம் கட்டுபவர்கள் நிறுவனத்தோடு அல்லாமல் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். 1860களில் பாரிசில் ஜோசப் ஒல்லர் உருவாக்கிய இம்முறையே சென்னை கிண்டிப் பந்தயத் திடலில் டோட் என்ற பெயரில் அறியப்பட்டது. எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, அதிலிருந்து நிறுவனத்தின் பங்கும் வரியும் கழிக்கப்பட்டு, எஞ்சியது வென்ற குதிரைமீது கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. 2014இல் சர்ச்சில் டவுன்ஸ் அக்கழிவை, முதலிடத்துக்கான பந்தயங்களில் 17.5 விழுக்காடாகவும், பல குதிரைகளை இணைத்துக் கட்டும் பந்தயங்களில் 22 விழுக்காடாகவும் உயர்த்தியது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தொகுப்பில் 1,00,000 டாலர் சேர்ந்து, அதில் ஒரு குதிரைமீது மட்டும் 20,000 டாலர் கட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பொதுமக்கள் அக்குதிரைக்கு 20 விழுக்காடு வாய்ப்பு அளிக்கிறார்கள் என்பது இதன் பொருள். கழிவு போக 82,500 டாலர் எஞ்சும். குதிரை வென்றால் ஒரு டாலருக்கு 4.125 டாலர் கிடைக்கும். ஆனால் கட்டியவர் நீண்டகாலத்தில் நட்டமின்றித் தப்ப வேண்டுமானால், அக்குதிரையின் உண்மையான வாய்ப்பு 24 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாக வேண்டும். ஆகவே கூட்டத்தைவிடச் சற்றே நன்றாகக் கணிப்பது போதாது; கழிவையும் வெல்லும் அளவுக்கு நன்றாகக் கணிக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் சுழியும் பல்லும் பார்த்து நல்ல காளை என்று தேர்ந்தவரும், விலை மிகுந்தால் வாங்காமல் திரும்புவதுபோல, சிறந்த குதிரையைக் கண்டறிந்தவரும் விலை போதாதபோது விலகி நிற்க நேர்கிறது.

கூட்டம் தவறும் இடங்களும் உண்டு. வெல்லும் வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகள்மீது மக்கள் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறார்கள் என்பதை உளவியலாளர் கிரிஃபித் 1949இலேயே எடுத்துக்காட்டினார். ஒன்றுக்கு எண்பது என்ற விலை கண்ணைக் கவர்வது அதற்கு ஒரு காரணமாகலாம். ரிச் ஸ்டிரைக்கின் கதை நினைவில் நிற்கிறது, அதே விலையில் தோற்ற குதிரைகளின் பெயர்கள் நிற்பதில்லை. டெர்பி நாளில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பந்தயம் கட்டுவோர் திரளாக வருவதால், பெயரின் கவர்ச்சிக்காகவும் ஜாக்கியின் புகழுக்காகவும் வந்து சேரும் பணம் விலைகளைத் திரிக்கிறது. அத்திரிபு ஏதோ ஒரு தகுதியான குதிரையின் விலையை உயர்த்தியிருக்கும். ஆழ்ந்து கணிப்பவர் தேடுவது அதையே.

திறமையும் அதன் கடமையும்

சென்னை கிண்டியின் பந்தயங்கள் தொடர்பாக லட்சுமணன் என்பவர் தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது என்றும், வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்த சூதாட்டத்தோடு அது ஒன்றாகாது என்றும் தீர்ப்பளித்தது. குதிரையின் மரபு, பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியன முடிவைத் தீர்மானிக்கின்றன என்ற அடிப்படையில் எழுந்த அத்தீர்ப்பு, மேலே கண்ட சான்றுகளோடு பொருந்துவதே. ஆனால் ஆட்டம் திறமையைச் சார்ந்தது என்பதால் ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் அத்திறமை இருக்கிறது என்றாகிவிடாது. தொகுப்பிலிருந்து கழிவு போன பின் எல்லோரும் சேர்ந்து எடுப்பது எல்லோரும் சேர்ந்து போட்டதைவிடக் குறைவு என்பதால், பந்தயம் கட்டுபவர்கள் ஒட்டுமொத்தமாக இழப்பது கணக்கிலேயே உறுதியாகிவிட்டது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்த பணத்தை அக்கணக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை எந்த வேக எண்ணும் நியாயப்படுத்தாது.

இருபது குதிரைகளையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் தன் கணிப்பில் ஒரு விழுக்காட்டை எழுதி, அவற்றின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டாதவாறு சரிபார்த்து, அதன் பிறகே விலைப்பலகையை ஏறிட்டுப் பார்ப்பது மதிப்பீட்டின் நேர்மையான ஒழுங்கு. விலையை முதலில் பார்த்தவர் தம் கணிப்பை அதற்கேற்ப வளைத்துக்கொள்வார். அந்த ஒழுங்கின்படி நடந்தவருக்குப் பல ஆண்டுகளில் கிடைக்கும் விடை, இம்முறை எந்தக் குதிரையின் விலையும் போதாது என்பதாகவே இருக்கும். அவ்விடையை ஏற்றுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் காண்பவரே, இக்கலையைக் கற்றவர் ஆவார்.