நரம்பின் தளர்ச்சியும் உடற்பயிற்சியும்

உடல் உறுப்புக்கள் யாவும் மூளையின் ஏவல்வழி நடப்பன. அவ்வேவலைக் கொண்டு செல்லுந் தூதுவர் நரம்புகளே. மின்கம்பியைச் சுற்றி உறை இருத்தல்போல, நரம்பிழைகளைச் சுற்றியும் ‘மயலின்’ என்னும் கொழுப்புறை அமைந்துளது. உடலைக் காத்தற்குரிய ஆற்றலே மாறுபட்டு, மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறையை ஆங்காங்கே அரித்தலால் உண்டாவது ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நோய். தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்பர். 1868-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தனி நோயாகப் பிரித்து விளக்கினார். பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடைப்பட்டோரை, அவருள்ளும் பெண்டிரை மிகுதியாக, இது பற்றுகின்றது. ஆகலின் மாணவராகிய நாம் இதனை முதியோர் நோயென்று ஒதுக்குதற்கில்லை.

கண் மங்குதல், கால் மரத்தல், தசை விறைத்தல், நடை தள்ளாடல், பெருங்களைப்பு ஆகியன இதன் குறிகள். முற்றத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் உள. அவற்றோடு உடன்நிற்க வேண்டிய இயன்முறை மருத்துவத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தேன்.

முன்னாளில் மருத்துவர் இந்நோயாளரை ஓய்ந்திருக்குமாறே அறிவுறுத்தினர். அதற்குக் காரணமும் இருந்தது. உடல் வருந்தியபின் இவர்தம் பார்வை மங்குவதை 1890-இல் ஊட்டாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் கண்டெழுதினார். அதனால் உழைப்புத் தீங்கென்று பலர் கொண்டனர். உழைப்பாற் பிறக்கும் வெப்பமே அம்மங்கலுக்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. உறையிழந்த நரம்பு சற்றே சூடேறினும் செய்தியைக் கடத்தமாட்டாது தடுமாறும். உடல் குளிர்ந்ததும் முன்னைய நிலைக்கு மீளும். 1996-இல் அமெரிக்க நாட்டு யூட்டா பல்கலைக்கழகத்தார், நோயாளரை 15 வாரம் முறையாகப் பயிற்றியதில் அவர்தம் வலிமையும் மூச்சுத்திறனும் உயர்ந்தமையை வெளியிட்டனர்.

ஈண்டு உணரத்தக்க உண்மை ஒன்றுண்டு. தளர்ச்சி இருவகைத்து. நரம்பின் குறையால் வருவது ஒன்று. முடங்கிக் கிடத்தலால் தசை மெலிந்து வருவது மற்றொன்று. முன்னதைப் பயிற்சி தீர்க்காது. பின்னதைத் தீர்க்கும், வாராமலும் காக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயன்முறை மருத்துவரின் முதற்பணியாம்.

விறைத்த கெண்டைக்கால் தசையை அவர் மெல்ல நீட்டிச் சிறிது நேரம் நிறுத்துவர். வெடுக்கென இழுப்பின் விறைப்பு மிகும். சுவரருகே நிற்பித்து உடல் சாயாது நிற்கப் பழக்குவர். முன்பாதம் தொங்கி இடறுவார்க்குக் கணுக்காலைத் தாங்கும் பட்டை அளிப்பர். ஊன்றுகோலை வலுக்குறைந்த காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடிக்கக் கற்பிப்பர். களைப்பு மிகுமுன் இளைப்பாறி மீளத் தொடங்குதலும் பயிற்சியின் ஒரு கூறே.

சூரமங்கலத்திலும் சூழவுள்ள சேலத்துச் சமவெளியிலும் வாழ்வார்க்கு மேற்கூறிய வெப்பச் செய்தி பெரிதும் வேண்டற்பாலது. சித்திரை மாதத்து நண்பகலிற் பயிலுதல் ஆகாது, விடியற்காலையே ஏற்றது. குளிர்ந்த நீர் பருகுதலும், நனைத்த துண்டைக் கழுத்தில் இடுதலும், மின்விசிறியின்கீழ்ப் பயிலுதலும் நலம் பயக்கும்.

நம் நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு வழிகாட்டியவருள் ஒருவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் ஊர்தி விபத்தினால் கால்கள் செயலிழந்த அவ்வம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழக் காரணராயினார். அவர்க்கு நேர்ந்தது தண்டுவடக் காயமே எனினும், எஞ்சிய ஆற்றலைப் பயிற்றி வாழ்வித்தல் என்னும் அவர்தம் நெறி இந்நோய்க்கும் பொருந்தும். சூரமங்கலத்திலுள்ள சேலம் சந்திப்பில் ரயிலேறுவார் காட்பாடியில் இறங்கி வேலூரை அடையலாம். 1985-இல் நிறுவப்பெற்ற இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமும் சென்னையிற் கிளை கொண்டுளது.

இந்நோயாளர் பலர் தோற்றத்தில் நலமுடையார் போலவே காணப்படுவர். தள்ளாடுவாரைக் குடியர் என்றும், களைத்திருப்பாரைச் சோம்பர் என்றும் எள்ளுதல் அறியாமையின் விளைவு. அவ்வெள்ளலுக்கு அஞ்சி வீட்டினுள் முடங்குவார்க்கு இரண்டாம் வகைத் தளர்ச்சியும் வந்து சேரும். அன்பர்காள்! மருந்தளிக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆயினும் படியேறுவார்க்குக் கைகொடுத்தலும், விடியலிற் பயில்வார்க்குத் துணைநிற்றலும் நம்மால் இயல்வனவே. அவற்றையேனும் தவறாது செய்வோமாக.