இலாடம் கழற்றிய பின்

மாட்டுவண்டிகள் வீதிகளிலே நிறைந்திருந்த காலத்தில், வண்டி மாட்டைக் கயிற்றால் வீழ்த்திக் கால்களைப் பிணித்து இலாடம் அடிக்கும் காட்சியை நம் ஊர்ச் சிறுவர்கள் கூடி நின்று பார்ப்பதுண்டு. குதிரைக்கு இலாடம் அடிப்பவர் அதனை வீழ்த்துவதில்லை. நின்ற நிலையிலேயே அதன் காலை மடக்கித் தம் தொடைகளுக்கிடையே பற்றிக்கொண்டு, குனிந்தபடியே வேலையை முடிப்பார். தேகவலிமையும் பொறுமையும் நுண்ணிய கண்ணும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அண்மைப் பல்லாண்டுகளாகக் குதிரைகளை இலாடமின்றி வெறுங்குளம்போடு வளர்க்கும் வழக்கம் பரவி வருகின்றது. இரும்பு இல்லையாயின் இரும்படிப்பவரும் வேண்டாம், அவருக்குரிய கூலியும் மிச்சம் என்று எண்ணி இவ்வழக்கத்தில் இறங்குவோர் சிலர். ஆறு மாதத்துள் குதிரை நொண்டத் தொடங்கும்போதுதான் அந்தக் கணக்கின் பிழை அவர்களுக்குத் தெரிகின்றது.

குளம்பு என்பது நமது நகத்தைப் போன்ற பொருளால் ஆயது. ஓயாது வளர்வது. மாதமொன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை மேலிருந்து கீழாக அது இறங்குகின்றது. வெளிச்சுவர் வன்மையானது, அடித்தளம் சற்றுக் குழிந்தது, அடியின் பின்பாதி நடுவே ஆப்பு வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி உண்டு. குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பிற்பகுதி சிறிது விரிந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றது. உள்ளே இருக்கும் எலும்பு, வெளிச்சுவரோடு நூற்றுக்கணக்கான மெல்லிய மடல்களாற் பிணைக்கப்பட்டுள்ளது. குதிரையின் பாரம் முழுவதும் இந்த மடல்களிலே தொங்குகின்றது என்றாலும் பொருந்தும். ஆகவே, குளம்பின் நுனி அளவுக்கு மிஞ்சி நீண்டால், ஒவ்வோர் அடியிலும் அந்நுனி நெம்புகோல்போல் நின்று சுவரை எலும்பிலிருந்து பிரிக்க முயல்கின்றது.

காட்டிலே திரியும் குதிரைக்கு யார் குளம்பு சீவுகின்றனர் என்ற வினா எழலாம். 1980களில் யேமி யக்சன் என்னும் அமெரிக்க இலாடத் தொழிலாளர், தம் நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள வறண்ட பெருநிலத்திலே திரியும் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, 1992இல் ஒரு நூலாக வெளியிட்டார். கரடுமுரடான நிலத்தில் நாள்தோறும் நெடுந்தூரம் நடப்பதால் அவற்றின் குளம்பு வளரும் அளவுக்குத் தேய்ந்து, குறுகி, விளிம்பு உருண்டு, திண்ணியதாக இருந்தது. நமது நெடுந்தீவிலே முருகைக்கல் நிலத்திற் சுற்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளையும் ஈண்டு நினைவு கூரலாம். ஆனால் இங்கிலாந்தின் ஈரப் புற்றரையில், வேலிக்குள், நாளெல்லாம் நின்று மேயும் மட்டக்குதிரைக்கு அந்தத் தேய்வு எங்கிருந்து வரும்? வளர்ச்சி மட்டும் நிற்பதில்லை. நிலம் செய்யாத வேலையை மனிதன் கை செய்தாக வேண்டும்.

அந்தக் கையைத் தேடுவதிலேதான் சங்கடம் தொடங்குகின்றது. இலண்டன் மாநகரில் இலாடத் தொழிலாளர் சங்கம் 1356ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1975இல் இயற்றப்பட்ட பதிவுச் சட்டத்தின்படி, பிரித்தானியாவிலே பதிவு பெறாத ஒருவர் குதிரைக்கு இலாடம் அடிப்பது குற்றமாகும். பதிவு பெறவேண்டின், தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் ஏறக்குறைய நான்கு ஆண்டு தொழில் பயின்று பரீட்சையிலும் சித்தி பெறல் வேண்டும். எனினும் அச்சட்டம் இலாடத்தையும், இலாடம் பொருத்துவதற்காகக் குளம்பைத் தயார் செய்வதையுமே கருதுகின்றது. வெறுங்குளம்பைச் சீவிவிடும் வேலை அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. ஆகவே, பல்லாண்டு பயின்றவரும் அவ்வேலைக்கு வரலாம். சில வார வகுப்புக்குச் சென்று அரமொன்றை வாங்கியவரும் வரலாம். அமெரிக்காவிலோ இலாடம் அடிப்பதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை.

சீவும் கூலி, நான்கு காலுக்கும் இலாடம் அடிக்கும் கூலியிற் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஆறு வாரத்துக்கொருமுறை, சற்றுப் பொறுத்தால் எட்டு வாரத்துக்கொருமுறை, அவர் வரவேண்டும். ஒரேயொரு குதிரைக்காக நெடுந்தூரம் வர எவரும் விரும்பார். வந்தாலும் பிரயாணச் செலவு கூலியோடு சேரும். சிறு வருவாயுடைய குடும்பமொன்று இந்நிலையில் முதலிற் செய்வது தவணையை நீட்டுவதுதான். எட்டு வாரம் பன்னிரண்டாகும். பன்னிரண்டு வாரத்தில் நீண்டுவிட்ட குளம்பை ஒரே நாளிற் பழைய அளவுக்குக் குறைக்க முயன்றால், குதிரை சில நாள் காலூன்ற மாட்டாது வருந்தும். மிச்சம் பிடித்த பணம் மிருக வைத்தியரிடம் போய்ச் சேரும்.

தேர்ந்த கை அரிதாகும்போது அதற்கு விலையேறுவது புதுமையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னன் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்கியதையும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சாமையையும் எழுதி வைத்தார். பேணும் வகையறிந்தோர் அங்கு இலர். குதிரை விற்கும் வணிகர்களோ அத்தகையோரை அந்நாட்டுக்கு வரவிடாது தடுத்தனர் என்பது அவர் கூற்று. குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்! எண்ணிக்கையில் அவர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். வணிகரின் மனப்போக்கை அவர் சரியாகவே அறிந்திருந்தார்.

இன்றைய குதிரைக்காரர் செய்யக்கூடியது யாது? முதலாவது, கூலியைக் கேட்பதற்கு முன், அவர் சீவிய குதிரைகளைப் பார்க்க வேண்டும். விளம்பரம் எவரும் எழுதலாம். குதிரையின் நடை பொய் சொல்லாது. நலமுள்ள குளம்புடைய குதிரை தட்டையான நிலத்தில் நடக்கையிற் குதிப்பகுதியை முதலில் ஊன்றும். நுனியை முதலில் ஊன்றித் தயங்கித் தயங்கி நடப்பின், எங்கோ நோவு உண்டு. நல்ல தொழிலாளி காலைத் தூக்குமுன் குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பார். வேலை முடிந்தபின் மறுபடியும் பார்ப்பார். அடித்தளத்தை அழகுக்காகக் கத்தியால் மெலிவிக்கமாட்டார். அது தேய்ந்து தடிப்பதே வெறுங்குளம்புக்குக் கவசம். சீவிய பின்னர் குதிரை நோவுவது இயல்பே, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சமாதானம் கூறுபவரை விட்டுவிடுவதே நன்று. எல்லாக் குதிரையும் இலாடமின்றி வாழும் என்று சத்தியம் செய்பவரும் அவ்வாறே. அடித்தளம் மெல்லியதாய், கல்வீதியில் நாளும் கடுமையாக உழைக்கும் குதிரைக்கு இலாடமே தகுதியாதல் கூடும். அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மை தேர்ச்சியின் ஓர் அடையாளம்.

அயலிலுள்ள குதிரைக்காரர் நால்வர் ஐவர் ஒரே நாளில் ஒரே முற்றத்தில் தம் குதிரைகளைக் கொணர்ந்து நிறுத்தினால், பிரயாணச் செலவு பங்காகிவிடும். தொழிலாளிக்கும் ஒரு நாளுக்குரிய வேலை கிடைக்கும். இவ்வொழுங்கு ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே திகதியிடப்படின் தவணை தவறாது. அதனோடு, விளிம்பை அரத்தால் மெல்லென உருட்டிவிடும் அளவுக்கு உடையவரும் அத்தொழிலாளியிடமே கற்றுக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கொருமுறை நான்கைந்து இழுப்புப் போதும். குறடும் கத்தியும் தேர்ந்தவர் கையிலேயே இருக்கட்டும். பதினாயிரக் கணக்கான கழுதைகளும் குதிரைகளும் செங்கற் சூளைகளிலும் வண்டிகளிலும் உழைக்கும் வட இந்தியாவிலும், இத்தகைய வழியே பயன் தருகின்றது. 1934இல் கெய்ரோ நகரில் டொறதி புறூக் அம்மையார் தொடங்கிய மிருக வைத்தியசாலையிலிருந்து வளர்ந்த புறூக் தாபனம், அங்கே வெளியூர் நிபுணரை மட்டும் நம்பாது, உள்ளூர் இலாடக்காரரையே பயிற்றி வருகின்றது. ஊரிலேயே வாழும் ஒருவர் கற்றால், கூலியும் ஊரார் தாங்கும் கூலியாகவே அமையும்.

கூலி கொடாது செய்யத்தக்கவையும் உள. நாள்தோறும் குளம்பின் அடியைத் துருவிச் சேற்றையும் சாணத்தையும் அகற்றாவிடின், அந்த மெத்தென்ற பகுதி நாற்றமெடுத்து அழுகும். இளவேனிற் புல்லிற் சர்க்கரைச் சத்து மிகுதி. கொழுத்த குதிரை அதனை வயிறு நிறைய மேய்ந்தால், முன்சொன்ன மடல்களில் அழற்சி உண்டாகி, எலும்பே இடம் பெயர்ந்துவிடும் அபாயம் உண்டு. அதற்கு எந்தச் சீவலும் ஈடாகாது. மேய்ச்சலைக் குறைத்தலே வழி. நிலத்தையும் மறந்துவிடலாகாது. ஆணியடித்த இலாடத்தை அறியாத கிரேக்கர் காலத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த செனபோன் என்னும் படைத்தலைவர், இலாயத்தின் முற்றத்திற் கைக்கடக்கமான உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி அளவு பரப்பி, அவை சிதறாதபடி சுற்றிலும் இரும்பால் அணைகட்டி, குதிரையை அதன்மேல் நிறுத்தித் தேய்த்துவிடுமாறு எழுதினார். ஈக்கடியால் அது காலை மாறி மாறி வைக்கும்போதெல்லாம் குளம்பு உறுதிப்படும் என்பது அவர் கணிப்பு. இன்றும் வெறுங்குளம்புக் குதிரை வளர்ப்போர், வாயிலருகிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் கூழாங்கல் பரப்புவதைக் காணலாம்.

இலாடம் கழற்றிய உடனேயே கல்லில் ஓட்டுதல் தகாது. பழைய ஆணித் துளைகளும் வெடிப்புகளும் உள்ள சுவர் கீழே இறங்கித் தேய்ந்து போக மாதங்கள் செல்லும். அதுவரை கல்வழிக்கு றப்பர்க் காலணி அணிவிக்கலாம். மயிர்க்கோட்டின் கீழே புதிய சுவர் இறுக்கமாக முளைத்து வருவதும், பழையதற்கும் புதியதற்கும் இடையே மெல்லிய வரையொன்று தோன்றுவதும் சில வாரங்களிலேயே கண்ணுக்குப் புலனாகும். ஒவ்வொரு தவணையிலும் அந்த வரை எங்கே நிற்கின்றது என்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்தல் நன்று. அது நுனிப் பக்கத்திலே நிலத்தைத் தொட ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.