மழையை அளந்த நகரம்



மழை விட்டதும் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "நல்ல மழை" என்பார் ஒருவர். "சும்மா தூறல்தான்" என்பார் இன்னொருவர். வயல் வேலை தெரிந்த தாத்தாவைக் கேட்டால் "ஓர் உழவு மழை" என்பார். ஏர் உழுகிற ஆழத்துக்கு மண் நனைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். கொரிய நாட்டு உழவர்களிடமும் இப்படி ஒரு சொல் உண்டு. கலப்பைக் கொழு இறங்கும் ஆழம்வரை நனைக்கும் மழையை அவர்கள் 'போஜிராக்' என்று கணக்கிட்டார்கள். கடல் கடந்த இரண்டு நாடுகளில் ஒரே யோசனை!

இன்று நாம் தென்கொரியாவின் தலைநகரான சியோலைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். அரண்மனைகள், நாம்சான் மலைமேல் நிற்கும் கோபுரம், 555 மீட்டர் உயர லோட்டே கட்டடம் என்று அங்கே பார்க்க எவ்வளவோ உண்டு. நாம் மட்டும் ஒரு மழைத்துளியின் பின்னாலேயே நடப்போம். அது நம்மை எங்கெல்லாம் கூட்டிப் போகிறது, பாருங்கள்.

சிலைக்கு முன்னால் ஓர் உருளை

நகரின் நடுவே குவாங்வாமுன் சதுக்கம். அங்கே பொன்னிறத்தில் பெரிய சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. கையில் விரித்த புத்தகம். அவர்தான் மன்னர் சேஜோங். 1418 முதல் 1450 வரை ஆண்டவர். கொரிய எழுத்துகளை உருவாக்கிக் கொடுத்தவரும் இவரே. சிலைக்கு முன்னால் வானியல் கருவி, சூரிய கடிகாரம் இவற்றோடு ஓர் உருளையும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'சுகூகி'. மழைமானி!

இது எப்படிப் பிறந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் மழை பெய்ததும் அதிகாரிகள் மண்ணைத் தோண்டி, எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து அரண்மனைக்குச் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல். காய்ந்து வெடித்த நிலத்தில் மழைநீர் ஒரு விதமாக இறங்கும். ஏற்கெனவே நனைந்த நிலத்தில் வேறு விதமாக இறங்கும். மணலில் ஒன்று, களிமண்ணில் வேறொன்று. அதே மழைதான், ஆனால் ஊருக்கு ஊர் வேறு வேறு கணக்கு வரும்!

1441-ஆம் ஆண்டு. வறட்சியை எண்ணிக் கவலைப்பட்ட பட்டத்து இளவரசர் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். சரியான அளவு பிடிபடவில்லை. உடனே செம்பால் ஒரு பாத்திரம் செய்து அரண்மனையில் வைத்து, அதில் சேர்ந்த நீரின் உயரத்தை அளந்தார். மண் போனது, பாத்திரம் வந்தது. இனி எந்த ஊரிலும் ஒரே கணக்கு! அடுத்த ஆண்டே, 1442-இல், பாத்திரத்தின் அளவை நிர்ணயித்து நாடு முழுவதும் இதே முறையில் அளக்க ஏற்பாடு ஆனது. மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், நீரின் உயரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி.

வாய் அகலமானால் மழை கூடுமா?

அதே பகுதியில் சோங்வோல்-தோங் என்ற மேட்டில் தேசிய வானிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1837-இல் செய்த பழைய மழைமானி ஒன்றை அங்கே பார்க்கலாம். கிட்டப்போய்ப் பாருங்கள். உயரம் ஏறத்தாழ ஓர் அடி. வாயின் அகலம் சுமார் 14 சென்டிமீட்டர். ஒரே பாத்திரம் போலத் தெரியும். ஆனால் மூன்று துண்டுகள், டிபன் கேரியர் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். மழை குறைவாகப் பெய்தால் மேல் துண்டுகளைக் கழற்றிவிட்டு, அளவுகோலை எளிதாக உள்ளே விட்டு அளக்கலாம்.

இப்போது ஒரு கேள்வி. வாய் இன்னும் அகலமாக இருந்தால் அதிக மழை காட்டுமா?

காட்டாது! அகன்ற வாயில் துளிகள் அதிகம் விழும், சரிதான். ஆனால் அவை அகன்ற அடிப்பகுதியில் பரவி நிற்கும். அதனால் நீரின் உயரம் மாறாது. சுவர் மட்டும் மேலிருந்து கீழ்வரை நேராக இருக்க வேண்டும். பாத்திரத்தை ஒரு கல்மேடை மீது வைத்துத்தான் அளந்தார்கள். ஏன்? தரையில் மோதித் தெறிக்கும் துளிகள் உள்ளே போய்க் கணக்கைக் கெடுக்கக் கூடாதே, அதற்காக!

இந்த மேட்டில் ஒரு செர்ரி மரமும் நிற்கிறது. அதன் ஒரு கிளையில் மூன்று பூக்கள் மலர்ந்தால்தான் சியோலில் செர்ரி பூக்கத் தொடங்கியது என்று வானிலைத் துறை அறிவிக்கும். மழையைப் போலவே வசந்தத்துக்கும் ஓர் அளவு!

மூடிய ஓடை திறந்தது

பெய்த மழை எங்கே ஓடும்? சதுக்கத்திலிருந்து சிறிது நடந்தால் சொங்கேசொன் ஓடை. இருபதாம் நூற்றாண்டில் இதைக் கான்கிரீட்டால் மூடி மேலே சாலை போட்டார்கள். அதற்கும் மேலே ஒரு பறக்கும் சாலை. 2003-இல் எல்லாவற்றையும் இடிக்கத் தொடங்கி, 2005-இல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஹான் ஆற்று நீரையும், சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரையும் குழாய் வழியே கொண்டுவந்து இதில் விடுகிறார்கள். கோடையில் கரையில் உட்கார்ந்து காலை நீரில் விட்டுப் பாருங்கள். பக்கத்துச் சாலையைவிட இங்கே குளுமை. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

மன்னர் சேஜோங் காலத்திலேயே இந்த ஓடையில் நீர்மட்டம் அளக்கும் மரத்தூண் நட்டார்கள். பிறகு அது கல்தூண் ஆனது. ஒன்று முதல் பத்து வரை கோடுகள். பின்பக்கத்தில் மூன்று, ஆறு, ஒன்பது ஆகிய இடங்களில் வட்டக்குறி. மூன்றில் நீர் நின்றால் வறட்சி, ஆறில் நின்றால் சரியான அளவு, ஒன்பதைத் தொட்டால் வெள்ளம் வருகிறது! எழுத்துத் தெரியாதவரும் வட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அந்தத் தூணை இப்போது வேறிடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இன்றும் பெருமழை பெய்தால் இங்கே உட்கார விடமாட்டார்கள். தெருக்களின் மழைநீர் ஓடைச் சுவரில் உள்ள மதகுகள் வழியே பாய்ந்து, சில நிமிடங்களில் நீர்மட்டம் ஏறிவிடும். அறிவிப்பு வந்த உடனே எல்லோரும் படியேறி மேலே வந்துவிட வேண்டும்.

மூழ்குவதற்கென்றே ஒரு பாலம்

துளி கடைசியில் ஹான் ஆற்றை அடைகிறது. அங்கே 1976-இல் கட்டிய ஜாம்சு பாலம். கொரிய மொழியில் ஜாம்சு என்றால் நீரில் மூழ்குதல். பாலம் மிகத் தாழ்வாக இருக்கும். வெள்ளம் வந்தால் அது மூழ்கிவிடும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். நீர்மட்டம் 5.5 மீட்டரைத் தொட்டால் நடப்பவர்களை நிறுத்துவார்கள். 6.2 மீட்டரில் வண்டிகளை நிறுத்துவார்கள். 6.5 மீட்டரில் பாலம் மூழ்கிவிடும். கல்தூணின் மூன்று வட்டங்கள் நினைவுக்கு வருகின்றனவா? காலம் மாறியிருக்கிறது, யோசனை அதேதான்.

இதற்கு நேர் மேலே பான்போ பாலம். கோடைக்கால இரவுகளில் அதன் இரு பக்கமும் 380 குழாய்கள் நீரைப் பீய்ச்சும். இருபுறமும் சேர்த்து 1,140 மீட்டர் நீளத்துக்கு வண்ண விளக்கில் ஒளிரும் நீர்த்திரை! ஒவ்வொரு தாரையும் வளைந்து விழும் வடிவத்தைக் கவனியுங்கள். குழாய் அதை முன்னால் தள்ளுகிறது, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த அழகான வளைவு. அதுதான் பரவளையம். நீங்கள் எறியும் பந்தும் அப்படித்தான் வளைந்து விழும். ஆற்றிலிருந்து எடுத்த நீர் ஆற்றிலேயே விழுகிறது.

நீங்களும் அளக்கலாம்

சியோலில் ஓராண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றே மாதங்களில் கொட்டிவிடும். எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால்தான் விதைப்பவரும் பிழைப்பார், பாலத்தில் நடப்பவரும் பிழைப்பார். அளப்பது மக்கள்மீது வைக்கும் அக்கறை.

சுவர் நேராக உள்ள ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுங்கள். வாய் விரிந்த டம்ளர் வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே தெரியும்! மொட்டைமாடியில், மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், ஒரு ஸ்டூல்மேல் வைத்து, காற்றில் சாயாமல் பக்கத்தில் செங்கல் அணைகொடுங்கள். மழை விட்டதும் அளவுகோலை நேராக விட்டு நீரின் உயரத்தைப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 லிட்டர் விழுந்திருக்கிறது. ஒரு வாளி நீர்!

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், நீரின் உயரம். 1442-இல் கொரிய ஊர்களில் எழுதியதும் இதையேதான். உங்கள் தெருவின் மழைக்கணக்கு இதுவரை யாரிடமும் இல்லை. அடுத்த மழைக்கு அதன் முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்.